பஸ்ரியனின் முதல் வேண்டாம்

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இருந்தால் போதும், பேர்ணடெற்றுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்து பஸ் பிடித்துத் திரும்பி வந்த நாட்களும் உண்டு. வேலை முடித்த களை ஒன்று, வீட்டில் வேலை முடியாமல் கிடக்கிற களை இன்னொன்று. புருஷன் பஸ்ரியன் வாயைத் திறந்தும் சொல் வராமல் கிடக்கிறானே என்கிறது எல்லாவற்றையும்விடப் பெரிய களை. மடியில் ஒரு லப்ரொப் கொம்பியூட்டர் இருக்கும். எவ்வளவு அசந்து போனாலும் அதை மட்டும் இரண்டு கையாலும் அணைத்தபடிதான் தூங்குவாள்.

அந்த லப்ரொப்பில்தான் பஸ்ரியனின் பேச்சு இருந்தது.

பேர்ணடெற் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. கனடா வந்து, ஸ்காபரோவில் பெயின்ட் செய்கிற ஒரு தொழிற்சாலையின் லாபில் போத்தல் கழுவச் சேர்ந்தாள். கழுவின கை பிறகு நிறம் அளக்கத் தொடங்கியது. அங்கே உள்ள மெஷின்கள் ஒவ்வொன்றும் தன் இலக்கங்களை ஒவ்வொரு மூலையில் துப்பும். எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கக் கால் உளைந்தது. காலுளைவு தாங்காமல்தான் அவள் மாலை வகுப்புக்குப் போய்ப் பைதன் என்கிற கொம்பியூட்டர் மொழியைப் படித்தாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை, இருந்த இடத்தில் இருந்து பார்க்கலாமே என்கிற ஆசைதான்.

அது அப்படியொன்றும் மந்திரவேலை இல்லை. எழுதுகிறது வெறும் வரிகள். ஒரு ஜன்னலைத் திற என்று ஒரு வரியில் எழுதினால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் இந்த இடத்தில் ஒரு பட்டன் வை என்று அடுத்த வரியில் எழுதினால் பட்டன் வந்து குந்தும். அதை அமத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு இன்னும் சில வரி. எழுதுகிறவள் சொன்னது நடக்கும், சொல்லாதது நடக்காது. இப்படி அவள் கட்டின சின்னச் சின்ன ஜன்னல்களை லாபில் எல்லோரும் பாவித்தார்கள். அதற்காக யாரும் அவளைத் தலையில் தூக்கி வைக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ரியன் ஒஷாவாவுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் கார் உதிரிப்பாகம் ஏற்றுகிற லொறி ஓட்டினவன். பனிக்காலத்துக் காலை ஒன்றில் வாசலில் சவளால் பனி வழித்துக்கொண்டு நின்றவன் அதோடு சரிந்து விழுந்தான். மூளையில் இரத்தம் அடைத்ததாம். வலக் கையும் வலக் காலும் போயின, பேச்சும் போயிற்று. எழுத்தைக் காட்டினால் எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பான். ஆனால் காதில் விழுகிறது எல்லாம் விளங்கும், படம் விளங்கும். மிஞ்சின இடக் கைதான் அவனுக்குத் துணை. அதுவும் நடுங்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு படப் பலகை கொடுத்தார்கள். படத்தைத் தொட்டால் ஒரு வெள்ளைக்காரப் பெண் இங்கிலீசில் தாகம் என்பாள், பசி என்பாள். பஸ்ரியன் அதை ஒருநாள் தொட்டுப் பார்த்தான். தன் வயிற்றுப் பசியை யாரோ ஒருத்தி சொல்வதைக் கேட்டதும் பலகையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

அன்றைக்குத்தான் பேர்ணடெற் முடிவெடுத்தாள். இவனுக்கு இவனுடைய குரலிலேயே ஒரு ஜன்னல் கட்ட வேண்டும்.

குரலுக்கு எங்கே போவது? போனில் இருந்தது. லொறி ஓட்டுகிறவன் கையால் எழுத மாட்டான். எதுவானாலும் வட்சப்பில் பேசி அனுப்பிவிடுவான். வருஷக்கணக்கான பேச்சு அதில் கிடந்தது. அதைக் கேட்டுக் கேட்டு, வேண்டிய சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்து, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். 'குளிருது' நிறைய அகப்பட்டது. 'நோகுது' பல்வலி வந்த கிழமையில் இருந்து வந்தது. 'தண்ணி' என்பதை, நிலக்கீழ் அறைக்குள் வெள்ளம் வந்த அன்று அவன் அலறி அனுப்பியதில் இருந்துதான் எடுக்க முடிந்தது. அதனால் தாகம் எடுத்தால்கூட வீடு மூழ்குகிற மாதிரித்தான் அந்தப் பட்டன் கத்தும். 'ஓம்', 'இல்லை' இரண்டுக்கும் குறைவில்லை. 'வேண்டாம்' அள்ள அள்ள வந்தது. எனக்கு ஜக்கெட் வேண்டாம், சாப்பாடு கட்ட வேண்டாம், பிறந்தநாளுக்கு ஒண்டும் வேண்டாம்.

'வேணும்' மட்டும் கிடைக்கவில்லை. முழுவதும் தேடினாள். ஒரு இடத்திலும் இல்லை. கடைசியில் தானே 'வேணும்' என்று சொல்லிப் பதிந்து வைத்தாள்.

முதல்நாள் அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது நடந்தது பெரிய கூத்து. பஸ்ரியன் திரையில் தண்ணிப் படத்தைத் தொட்டான். நடுங்குகிற விரல் ஒருமுறையோடு நிற்குமா? படபடவென்று பல முறை பட்டுவிட்டது. அந்த ஜன்னலுக்கு உள்ளே வேலை செய்வது ஒரே ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் குரலை ஓடவிடுகிற நேரத்தில் வேறு எதையும் கவனிக்காது. வந்த தட்டல்களை வாசலில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கும். ஜன்னல் அப்படியே விறைத்து நின்றது. பிறகு தண்ணி, தண்ணி, தண்ணி என்று ஓயாமல் அலறத் தொடங்கியது. தாதி குவளையோடு ஓடி வந்தாள். பஸ்ரியனின் பாதி முகம் சிரித்தது. விழுந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேர்ணடெற் வீட்டுக்கு வந்து அதைத் திருத்தினாள். ஒரு பட்டனை அமத்தியதும் எல்லாப் பட்டனும் சாம்பல் நிறமாகிவிட வேண்டும். குரல் முடிந்து, கை ஓய்கிற மட்டும் எதைத் தொட்டாலும் ஏற்கக் கூடாது. நடுக்கத்துக்கு அது நல்ல மருந்து. ஒரு தொடுகை, ஒரு சொல். நல்ல வேலை செய்தோம் என்றுதான் நினைத்தாள்.

இதற்குள் ஆஸ்பத்திரிக்காரர் அவசரப்பட்டார்கள். பயிற்சி முடிகிறது, இனிக் கட்டில் விட வேண்டும். வீட்டுக்குப் போகிறதென்றால் பகலில் சில மணித்தியாலம் உதவிக்கு ஆள் வரும். மிச்சம் மனைவியின் தலையில். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததைப் பேர்ணடெற் கண்டதில்லை. டொக்டர், பஸ்ரியனுக்கு எல்லாம் விளங்குகிறது என்று எழுதிவிட்டார். விளங்குகிற மனுசனுக்காக மனைவி பதில் சொல்ல முடியாது. அவன் வாயால், அதாவது அவன் விரலால், அவனே சொல்ல வேண்டும்.

கேட்க வந்தவள் சாம்பவி. இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, நோயாளிகளை எங்கே அனுப்புவது என்று ஒழுங்கு செய்கிற வேலை. நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்கு அன்றைக்கு இன்னும் பல கட்டில்கள் பார்க்க இருந்தன.

"ஹலோ அங்கிள். நான் ஸ்லோவா கேக்கிறன், ஓகே? நீங்கள் ரைம் எடுத்து அன்சர் பண்ணுங்கோ. அன்ரி, நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது, ப்ளீஸ்."

"நான் ஏன் சொல்லுறன்? வாயை மூடிக்கொண்டு இருக்கிறன்," என்றாள் பேர்ணடெற்.

"அங்கிள், உங்களுக்கு வீட்டை போக வேணுமா?"

பஸ்ரியன் பெண்சாதியைப் பார்த்தான். அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை, வேலை உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்ததைப் பார்த்தான். பிறகு விரலைக் கொண்டுபோய்ப் பட்டனில் வைத்தான்.

"வேண்டாம்," என்றது லப்ரொப். பஸ்ரியனின் சொந்தக் குரல். திடமாக, லொறிச் சத்தத்துக்கு மேலால் சொல்கிற மாதிரி. எல்லாப் பட்டனும் சாம்பலாகின.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பேர்ணடெற்றுக்கு முதலில் வந்தது ஆறுதல். ஒரு கணந்தான், ஆனாலும் வந்தது. பாரம் இறக்கி வைத்தவளைப் போலத் தோள் கீழே இறங்கியது. அதைக் குற்றம் என்கிறவர்கள் ஒரு கிழமை வந்து அவள் வீட்டில் நின்று பார்க்கட்டும், பிறகு கதைக்கலாம்.

சாம்பவி தன் கையில் இருந்த திரையில் தட்டத் தொடங்கினாள். பஸ்ரியனின் விரல் இன்னும் லப்ரொப் திரையில் எதையோ தேடிக்கொண்டு நின்றது. சாம்பல் பட்டன் ஒன்றும் ஏற்கவில்லை. பேர்ணடெற்றே எழுதின வரி, அவளே போட்ட பூட்டு.

"பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் பேர்ணடெற். "அது முதல் வேண்டாம்."

"வாட், அன்ரி?"

"எங்கட வீடுகளில ஆரும் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டா உடன ஓம் எண்டு சொல்லுவினமோ? வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். பிறகும் கேக்கோணும். முதல் வேண்டாம் கணக்கில்லை."

சாம்பவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐ நோ, அன்ரி. எங்கட அம்மா பொயிலிங் வோட்டர் வைச்சிட்டுத்தான் கேப்பா. ஆனா நான் அதை எப்பிடி எழுதுறது? அங்கிளிட்டக் கேட்டன், அங்கிள் சொல்லிட்டார். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டா, நான் ஃபோர்ஸ் பண்ணினதா போயிடும்."

"அப்ப இண்டைக்குக் கேக்காதேங்கோ. வேற நாள் வந்து கேளுங்கோ."

"அன்ரி..."

"நான் பட்டனைப் பிழையாக் கட்டிப்போட்டன். திருத்தோணும். கருவி பழுதெண்டு எழுதுங்கோ. அது பொய்யில்லைத்தானே?"

சாம்பவி பெருமூச்சு விட்டாள். பேர்ணடெற் கதிரையில் இருந்து எழும்புகிற மாதிரித் தெரியவில்லை. "தேர்ஸ்டே வாறன். அதுக்குப் பிறகு என்னால தள்ளேலாது, ஓகே?"

அடுத்தநாள் ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டு பேர்ணடெற்றின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் றோஸ்மேரி, பஸ்ரியனின் தமக்கை. மோர்னிங்சைட்டில் நிலக்கீழ் வீட்டில் தனியாக இருக்கிறவள். முழங்கால் மடியாது, வாய் மட்டும் நன்றாக மடியும். செய்தி அவளுக்கு முன்னமே போய்விட்டது.

"உன்ர கொம்பியூட்டர் என்ர தம்பியைக் கதைக்க வைச்சது வேண்டாம் எண்டு சொல்லவோடி?"

"மச்சாள், கத்தாதேங்கோ. எனக்குத் தலையிடி."

"கத்தாம? மெசின் செய்யிறாளாம் மெசின். வேணும் எண்டு அவன்ர குரலில ஒண்டு வைச்சிருந்தா அவன் அதை அமத்தியிருப்பான். உன்ர குரலில வைச்சிருக்கிறாய். உன்ர குரலில வேணும் எண்டு கேக்க அவனுக்கு வெக்கம் இராதோ?"

"தேடினனான் மச்சாள். எல்லாத்தையும் கேட்டுப் பாத்திட்டன். அவர் ஒருநாளும் வேணும் எண்டு சொல்லேல்லை."

றோஸ்மேரி சூப்புச் சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு கதிரையில் இருந்து முழங்காலைத் தடவினாள்.

"சொல்லமாட்டான்தான்," என்றாள், குரல் இறங்கி. "ஓம். அவன் சொல்லமாட்டான்."

பேர்ணடெற் சூப்பை இரண்டு கோப்பையில் வார்த்தாள். பிறகு றோஸ்மேரியே தொடங்கினாள். "உனக்கு ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லு. நான் என்ர பேஸ்மென்டுக்குக் கொண்டுபோறன்."

"உங்களாலயே படி இறங்கேலாது. அவரைத் தோளில தூக்கிக்கொண்டோ இறங்கப் போறியள்?"

"அது என்ர பாடு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "சரி, படியை விடு. ஞாயிற்றுக்கிழமையில வந்து இருப்பன். இருந்து பாக்க முழங்கால் தேவையில்லைத்தானே. நீ ஒரு நாளெண்டாலும் நித்திரை கொள்ளு. முகத்தைப் பார், செத்த வீட்டுக்குப் போனவள் மாதிரி."

செவ்வாய்க்கிழமை லாபில் அரைநாள் லீவு கேட்டுவிட்டுப் பேர்ணடெற் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது. லப்ரொப்பைக் கட்டிலுக்குக் குறுக்கே உள்ள மேசையில் வைத்துத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ. இதில உங்களுக்கு ஏதோ ஒரு பட்டன் காணாது. அண்டைக்குத் தேடினீங்கள், நான் கண்டனான். என்னது எண்டு சொல்லுங்கோ. நான் ஒவ்வொண்டாக் கேக்கிறன். சாப்பாடோ?"

"இல்லை," என்றது குரல்.

பட்டன்கள் மறுபடி நிறத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். "நோவோ? டொக்டருக்குச் சொல்ல ஏதுமோ?"

"இல்லை."

"கோயிலோ? பாதரை வரச் சொல்லவோ?"

"இல்லை." இம்முறை விரல் கொஞ்சம் எரிச்சலோடு விழுந்தது.

"கோவிக்காதேங்கோ. எனக்கு ஜோசியம் தெரியாது. அப்ப ஆளோ? மச்சாளோ?" இல்லை. "நானோ?"

"ஓம்."

பேர்ணடெற் கதிரையை நெருக்கி இழுத்தாள். "என்னைப் பற்றி என்ன? என்னோட கோவமோ?" இல்லை. "என்னட்டை ஏதும் கேக்கோணுமோ?"

"ஓம்," என்றது. பட்டன் சாம்பலான பிறகும் விரல் அதே இடத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னல் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அவளுக்குக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த ஜன்னலில் அவள் வைத்தது எல்லாம் பதில்கள். ஓம், இல்லை, வேண்டாம், நோகுது, குளிருது. மற்றவர்கள் கேட்க அவன் சொல்வதற்கு. அவன் கேட்பதற்கு ஒரு பட்டனும் அவள் வைக்கவில்லை. வாய் போன மனுசனுக்குக் கேள்வியும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் மெஷின்களுக்குப் பட்டன் கட்டிப் பழகியவள். மெஷின் திருப்பிக் கேட்பதில்லை.

போனை எடுத்தாள். எந்தக் கேள்வி என்று அவனிடம் கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை; சாம்பவி கேட்ட அன்று அவன் பார்த்தது அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்ததைத்தானே. இந்த முறை தேடுகிற வேலையும் இல்லை. பழைய செய்தி எதைத் திறந்தாலும் அதுதான் இருந்தது. பேர்ணா, உனக்கு ஏலுமோ, வாற வழியில பாண் வாங்க. உனக்கு ஏலுமோ, பாங்கில ஒருக்கால் கேக்க. கைநோவோட நிக்கிறன், உனக்கு ஏலுமோ, கொஞ்சம் எண்ணெய் சூடாக்கி வைக்க. வேணும் என்று சொல்லாத மனுசன் வேண்டியதையெல்லாம், உன்னால் முடியுமோ என்கிற இந்தச் சொல்லால்தான் கேட்டிருக்கிறான். அவள் அதைக் கேள்வியென்றே எடுத்ததில்லை. ஓம் ஓம் என்று செய்துகொண்டே போயிருக்கிறாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே இருந்து கத்தரித்தாள். தன் குரலில் வைத்த 'வேணும்' பட்டனை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. அந்த வரியை அழித்தாள். அந்த இடத்தில் புதுப் பட்டன். படத்துக்கு என்ன போடுவது? தன் அடையாள அட்டையில் இருந்த படத்தையே போட்டாள். அழகான படம் இல்லை. அதில் அவள் முகம் நல்லாக் களைத்திருந்தது.

பஸ்ரியன் அதை உடனே தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் தொடச் சொல்லவில்லை.

வியாழன் பஸ்ஸில் அவள் நித்திரை கொள்ளவில்லை. ஏலும், ஏலும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு சொல்தானே, சொல்லிவிட்டால் முடிந்தது என்று எண்ணினாள்.

சாம்பவி நேரத்துக்கு வந்தாள். "ஹாய் அங்கிள். ஹாய் அன்ரி. பட்டன் ஃபிக்ஸ்ட் ஆ? ஓகே. அங்கிள், வீட்டை போற ஐடியா பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

பஸ்ரியன் விரலைத் தூக்கினான். நடுங்குகிற கை அங்குமிங்கும் ஆடி, கடைசியில் பெண்சாதியின் படத்தில் வந்து விழுந்தது.

"உனக்கு ஏலுமோ?"

லொறிக்குள் இருந்து பேசிய பழைய குரல். பின்னால் எங்கோ ஹோர்ன் சத்தம்கூடக் கேட்டது.

சாம்பவி அவனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "அங்கிள் என்னட்டை இல்லை, உங்களிட்டைக் கேக்கிறார், அன்ரி."

"தெரியும் பிள்ளை. இப்ப நான் சொல்லலாமோ?"

"அங்கிள் கேட்டதுக்கு நீங்கள் சொல்லலாம்."

பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்த சொல்லைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். இவனிடம் பொய் சொன்னால் இவன் முதல் ராத்திரியே கண்டுபிடித்துவிடுவான்.

"முழுக்க ஏலாது," என்றாள். "சும்மா சொல்லேல்லை, உண்மையா ஏலாது. வேலையை விடவும் ஏலாது. பகலில ஆள் வரோணும், ஞாயிறு மச்சாள் வந்து இருக்கோணும். ராவில ஒருக்கால் எழும்பி உங்களைத் திருப்பிப் படுக்க விட ஏலும். பிறகு பிறகு கூப்பிட்டா எனக்குக் கோவம் வரும். கத்துவன். நீங்கள் திருப்பிக் கத்தேலாது எண்டு தெரிஞ்சும் கத்துவன். குளிக்க வாக்க எனக்கு ஏலாது, இடுப்பு விடாது. அதுக்கும் ஆள் வேணும். மிச்சம் ஏலும். சமைக்க ஏலும். பக்கத்தில இருக்க ஏலும். இவ்வளவுதான் என்னட்டை இருக்கு."

பஸ்ரியன் கண்ணை எடுக்காமல் கேட்டான். பட்டன்கள் எப்போதோ நிறத்துக்கு வந்துவிட்டன. அவன் அவசரப்படவில்லை. ஏலாது என்றவற்றையும் ஏலும் என்றவற்றையும் அவன் தன்பாட்டில் பிரித்து வைக்கிறான் போலிருந்தது. பேர்ணடெற்றுக்கு, அவன் வேண்டாம் என்றே சொல்லிவிடுவான் என்று ஒரு பயம் வந்தது. ஆறுதல் இல்லை, பயம். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விரல் கீழே இறங்கியது.

"ஓம்," என்றது குரல்.

"ஓம் எண்டா, வீட்டுக்கு?" சாம்பவி மெல்லக் கேட்டாள். பட்டன்கள் நிறத்துக்கு வரக் காத்திருந்தாள். அவசரமாகத் தட்டவில்லை.

"ஓம்."

சாம்பவி எழுதிக்கொண்டாள். குளிக்க வார்ப்பதற்குத் தனியாக ஆள் கேட்டு எழுதுவதாகச் சொன்னாள். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. கட்டில் அனுப்புவார்களாம், அதற்கு வீட்டு முன் ஹோலில் இடம் வேண்டுமாம். "மண்டே டெலிவரி போடவா, அன்ரி?"

"திங்கள் வேண்டாம், பிள்ளை," என்றாள் பேர்ணடெற். "சோபாவை ஆரையும் பிடிச்சு இழுக்கோணும். புதன் போடுங்கோ."

"திருப்பிக் கேக்கவா?" என்றாள் சாம்பவி சிரித்துக்கொண்டு.

"இல்லை. இது உண்மையான வேண்டாம்."

பஸ்ரியனின் பாதி முகம் அசைந்தது. பேர்ணடெற் அவனுடைய நடுங்குகிற கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சாம்பவி அடுத்த அறைக்குப் போக முதலே, கதிரையின் முதுகில் தலை சாய்ந்து, அவள் நித்திரையாகிப் போனாள்.